டைமன் சொன்னதைத் திரும்பப் பெற்றாரா, இல்லையா?

நெல்லை சங்கரன் | காலை 6:40

நேற்று இரவு முகிலன் இங்கே எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் எழுதியது இதுதான். ஜே.பி. மார்கன் வங்கித் தலைவர் ஜேமி டைமன் 2017இல் பிட்காயின் என்ற இணைய நாணயத்தை மோசடி என்றாராம். நான்கே மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். இன்று அமெரிக்க நிதித் தலைவர்கள் எல்லாரும் கிரிப்டோ, அதாவது பிட்காயின் போன்ற இணைய நாணயங்களின் பக்கம் வந்துவிட்டார்களாம். இன்னும் புரியாமல் இருப்பது நம் ஊரில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்கள் மட்டும்தானாம்.

கடைசி வரி எனக்காக எழுதியது. இந்தக் குழுவில் ஓய்வுபெற்ற மேலாளர் நான் ஒருவன்தான். 34 வருடம் அரசு வங்கியில் கடன் கொடுத்து, வசூலித்து, மூன்று கிளைகளில் வாராக்கடனைக் குறைத்துக் காட்டியவன். எனக்குப் புரியாது என்று சொல்வதற்கு முன்னால், டைமன் என்ன சொன்னார் என்பதையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

2017 செப்டம்பர் 12, நியூயார்க், பார்க்ளேஸ் நடத்திய முதலீட்டாளர் கூட்டம். பிட்காயின் ஒரு மோசடி, 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் விலை வெறியாக ஏறிச் சரிந்த ட்யூலிப் கிழங்கு மோகத்தைவிட மோசம் என்றார். தன் வங்கியில் யாராவது அதை வாங்கி விற்றால் அந்த நொடியே வேலையைவிட்டு அனுப்புவேன், ஒன்று அது விதிமீறல், இரண்டு அது முட்டாள்தனம் என்றார். 2018 ஜனவரியில் ஃபாக்ஸ் பிசினஸ் பேட்டியில், அப்படிச் சொன்னதற்கு வருந்துவதாகச் சொன்னார். பிளாக்செயின், அதாவது பிட்காயினுக்கு அடியில் இருக்கும், பல கணினிகளில் ஒரே பேரேட்டை வைக்கும் தொழில்நுட்பம், உண்மையானது என்றார். அதே பேட்டியில், பிட்காயின் பெரிதாக வளர்ந்தால் அரசாங்கங்கள் என்ன நினைக்கும் என்பதில்தான் தனக்கு மாற்றுக் கருத்து, மற்றபடி இந்த விஷயத்தில் தனக்கு அவ்வளவாக ஆர்வமே இல்லை என்றும் சொன்னார்.

இதில் திரும்பப் பெற்றது எங்கே இருக்கிறது? வருந்துவது வேறு, திரும்பப் பெறுவது வேறு. முகிலன் பதில் சொல்லட்டும்.

முகிலன் | காலை 7:55

சங்கரன் சார், நான் யார் பெயரையும் எழுதவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நீங்களாகவே வந்து சொன்னால் அதற்கு நான் பொறுப்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மனிதர் ஊரறிய ஒரு வார்த்தை சொல்கிறார். நான்கு மாதம் கழித்து டிவியில் வந்து, அதைச் சொன்னதற்கு வருந்துகிறேன் என்கிறார். இதைத் திரும்பப் பெறுவது என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி வைத்துப் பதிவு செய்ய வேண்டுமா?

டைமனை விடுங்கள். லாரி ஃபிங்க்குக்கு என்ன சொல்கிறீர்கள்? பிளாக்ராக்கின் தலைவர், 10 லட்சம் கோடி டாலருக்கு மேல் நிர்வகிக்கும் நிறுவனம். 2017 அக்டோபரில் இவர், உலகத்தில் கள்ளப்பணத்தை வெளுக்க எவ்வளவு தேவை இருக்கிறது என்பதைக் காட்டும் குறியீடுதான் பிட்காயின் என்றார். 2023 ஜூனில் அதே நிறுவனம் பிட்காயின் இடிஎஃப், அதாவது பங்குச்சந்தையில் பங்கு போலவே வாங்கி விற்கும் ஃபண்டு, தொடங்க விண்ணப்பம் போட்டது. 2024 ஜனவரி 10 அன்று அனுமதி வந்தது. அந்த ஜூலையில் சிஎன்பிசி டிவியில் உட்கார்ந்து, நான் சந்தேகப்பட்டவன்தான், படித்தேன், தெரிந்துகொண்டேன், ஐந்து வருடத்துக்கு முன்னால் என் கருத்து தவறு என்று அவர் வாயாலேயே சொன்னார். இதைவிட என்ன வேண்டும்?

நெல்லை சங்கரன் | காலை 8:20

தம்பி, நான் டைமனைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் ஃபிங்க்கைக் காட்டுகிறீர்கள்.

என் கல்யாணத்தில் என் தாய்மாமன் பந்தியில் வைத்துச் சம்பந்தி வீட்டாரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மறுநாள் நான்கு பேர் போய்க் கேட்டபோது, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்றார். சொன்னது பொய் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. 41 வருடமாகியும் இரண்டு வீட்டாருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். சொல்லியிருக்க வேண்டாம் என்பது ஒன்று, சொன்னது தவறு என்பது இன்னொன்று. தமிழ் தெரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

டைமன் சொன்னது முதல் வகை. இதோ ஆதாரம். 2021 அக்டோபரில் பிட்காயின் மதிப்பற்றது என்றார். 2022 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் இந்தக் கிரிப்டோ நாணயங்களைப் பரவலாக்கப்பட்ட பான்சித் திட்டங்கள், அதாவது புதிதாகச் சேருபவன் பணத்தைப் பழையவனுக்குக் கொடுக்கும் மோசடி, என்றார். 2023 ஜனவரியில் டாவோஸ் பொருளாதார மாநாட்டின்போது ஊதிப் பெருக்கிய மோசடி என்றார். அதே மோசடி என்ற சொல், ஐந்து வருடம் கழித்து! 2023 டிசம்பரில் செனட் குழுவில் செனட்டர் எலிசபெத் வாரன் கேட்டபோது, நான் அரசாங்கமாக இருந்தால் இதை மூடிவிடுவேன் என்றார். திரும்பப் பெற்ற சொல்லை மறுபடி எடுத்துப் பேசுவானா ஒரு மனிதன்?

ஜெர்சி ரமேஷ் | காலை 8:47

இங்கே எனக்கு இரவு 11 மணி தாண்டிவிட்டது. ஆனாலும் இதைப் படித்துவிட்டுச் சும்மா படுக்க முடியவில்லை. நான் ஜெர்சி சிட்டியில் வங்கி பேக் ஆபீஸில் 16 வருடமாக இருப்பவன். செய்தித்தாள் படித்துவிட்டுப் பேசுவது வேறு, உள்ளே இருந்து பார்ப்பது வேறு.

டைமன் வாயை மட்டும் பார்க்கிறீர்கள். அவர் வங்கி என்ன செய்தது? 2019 பிப்ரவரியில் ஜே.பி.எம். காயின் அறிவித்தார்கள். 2020இல் காயின்பேஸ், ஜெமினி என்ற இரண்டு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளை, அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தைகளை, வாடிக்கையாளராக எடுத்தார்கள். 2021இல் செல்வந்த வாடிக்கையாளர்களுக்குக் கிரிப்டோ ஃபண்டுகளைத் திறந்துவிட்டார்கள். சங்கரன் ஐயா சொன்ன அந்த 2023 டிசம்பர் இருக்கிறதே, மாதத் தொடக்கத்தில் செனட்டில் மூடிவிடுவேன் என்கிறார். மாதக் கடைசியில் பிளாக்ராக் தாக்கல் செய்த ஆவணத்தில், அந்த பிட்காயின் இடிஎஃபின் யூனிட்டுகளை உருவாக்கவும் திரும்பக் கொடுக்கவும் அதிகாரம் பெற்ற நிறுவனமாக ஜே.பி. மார்கன் பெயர் இருக்கிறது.

அப்புறம் 2023இலும் 2024இலும் டாவோஸில் அவர் 'பெட் ராக்' என்றார். நம் பத்திரிகைகள் செல்லக் கல், வளர்ப்புப் பாறை என்றெல்லாம் போட்டார்கள். 1975இல் இங்கே சாதாரணக் கூழாங்கல்லை அட்டைப் பெட்டியில் வைக்கோலோடு போட்டு வளர்ப்புப் பிராணி என்று விற்றார்கள். அதைத்தான் சொல்கிறார். ஒன்றுக்கும் உதவாத பொருளை மோகத்தால் வாங்குவது என்று அர்த்தம்.

முகிலன் | காலை 9:05

ரமேஷ், நன்றி. இதைத்தான் நான் சொல்கிறேன். வாய் ஒன்று சொல்கிறது, கை ஒன்று செய்கிறது. வங்கிக்காரனின் கருத்து அவன் கையில்தான் இருக்கிறது. மதிப்பற்றது என்று சொன்ன அதே 2021இல் அந்த மதிப்பற்ற பொருளைப் பணக்கார வாடிக்கையாளருக்கு விற்றார்கள் என்றால், ஒன்று அவர் வாய் பொய் சொல்கிறது, இல்லை அவர் வங்கி வாடிக்கையாளரை ஏமாற்றுகிறது. சங்கரன் சார் இதில் எதைத் தேர்ந்தெடுக்கிறார்?

நெல்லை சங்கரன் | காலை 9:31

இரண்டையும் இல்லை. டாஸ்மாக் கடைக்குப் போய்ப் பாருங்கள். பாட்டிலில் மது உடல்நலத்துக்குக் கேடு என்று அச்சடித்திருக்கிறது. விற்பது அரசாங்கம். அச்சடிக்கச் சொன்னதும் அரசாங்கம். விற்கிறார்கள் என்பதால் மது உடம்புக்கு நல்லது என்று அரசு கருத்தை மாற்றிக்கொண்டது என்று சொல்வீர்களா?

டைமனே இந்த உதாரணத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறார். 2025 மே மாதம், வங்கியின் முதலீட்டாளர் நாள். வாடிக்கையாளர்கள் இனி பிட்காயின் வாங்கலாம், நாங்கள் அனுமதிப்போம், ஆனால் எங்கள் பாதுகாப்பில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்றார். தொடர்ந்து, நீங்கள் புகை பிடிக்கக் கூடாது என்பது என் எண்ணம், ஆனால் புகை பிடிக்கும் உங்கள் உரிமைக்காக நான் நிற்பேன், பிட்காயின் வாங்கும் உரிமையும் அப்படித்தான் என்றார். சிகரெட்டோடு ஒப்பிட்ட மனிதரைத்தான் முகிலன் தன் பக்கம் வந்துவிட்டவர் என்கிறார்!

மறுபடி கேட்கிறேன். 2018 ஜனவரியில் மோசடி என்ற சொல்லைத் திரும்பப் பெற்றார் என்பதற்கு ஒரே ஒரு வரி காட்டுங்கள்.

தேன்மொழி | காலை 10:10

சங்கரன் ஐயா, முகிலன் அண்ணா, இருவருக்கும் ஒரு கேள்வி. கருத்து மாறியது என்றால் என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள்? பிட்காயினுக்கு மதிப்பு உண்டு என்று நம்புவதா, வாடிக்கையாளர் கேட்டால் கொடுப்பதா, தன் வங்கிப் பணத்தையே அதில் போடுவதா? மூன்றும் மூன்று விஷயம்.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன், அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். வங்கிகள் ஒதுங்கி இருந்ததற்குத் தலைவர்களின் மனம் மட்டும் காரணம் இல்லை. 2022 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 121 என்ற எண்ணில் ஒரு கணக்கியல் குறிப்பை வெளியிட்டது. பொதுவாக ஒரு வங்கி உங்கள் பங்குகளைப் பாதுகாப்பில் வைத்திருந்தால் அது வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் வராது, அது உங்கள் சொத்து. ஆனால் கிரிப்டோவைப் பாதுகாப்பில் வைத்தால் அதை வங்கி தன் பொறுப்பாகவே காட்ட வேண்டும் என்றது அந்தக் குறிப்பு. இருப்புநிலைக் குறிப்பில் வந்தால் அதற்கு ஈடாக மூலதனம் வைக்க வேண்டும். பிறகு எந்த வங்கி தொடும்? அதை நீக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை 2024 மே மாதம் பைடன் தன் அதிகாரத்தால் தடுத்தார். 2025 ஜனவரியில் ட்ரம்ப் பதவிக்கு வந்த சில நாளிலேயே ஆணையம் அதைத் திரும்பப் பெற்றது. அதன் பிறகுதான் வங்கிகள் ஒவ்வொன்றாக வெளிப்படையாகப் பேசத் தொடங்கின. டைமனின் அந்த மே மாதப் பேச்சும் இதற்கு அப்புறம்தான்.

முகிலன் | காலை 10:22

தேன்மொழி, நல்ல தகவல். சங்கரன் சார் கவனிக்கவும். ஆணையம் 'திரும்பப் பெற்றது' என்று தேன்மொழியே எழுதுகிறார். ஆணையமே திரும்பப் பெறும்போது டைமன் பெற மாட்டாரா?

நெல்லை சங்கரன் | காலை 10:30

ஆணையம் எழுத்தில் திரும்பப் பெற்றது. எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. டைமன் திரும்பப் பெற்றதற்கு என்ன எண், என்ன தேதி? தேன்மொழி எழுதியது என் பக்கத்துக்குத்தான் பலம். விதி மாறியது, மனம் மாறவில்லை.

தேன்மொழி | காலை 10:41

நான் யார் பக்கத்துக்கும் எழுதவில்லை. என் கேள்விக்கு இன்னும் இருவரும் பதில் சொல்லவில்லை.

முகிலன் | காலை 11:15

சரி, சார். இன்னொரு கோணத்தில் கேட்கிறேன். டைமன் மோசடி என்று சொன்ன வாரத்தில் ஒரு பிட்காயின் 4,000 டாலரைச் சற்றுத் தாண்டி இருந்தது. அன்று தன் மகள் கொஞ்சம் வாங்கியிருப்பதாகவும், விலை ஏறியதால் தன்னை மேதை என்று நினைத்துக்கொண்டிருப்பதாகவும் அவரே சொன்னார். 2024 டிசம்பரில் அது 1,00,000 டாலரைத் தாண்டியது. மகள் அதை விற்காமல் வைத்திருந்தால் 20 மடங்குக்கு மேல். வீட்டில் யார் மேதை?

எங்களைப் போன்றவர்கள் 2017இலேயே சொன்னோம். அன்று நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். இந்தக் குழுவில் பழைய பதிவுகள் இன்னும் இருக்கின்றன. யார் யார் என்ன எழுதினார்கள் என்று நான் மறக்கவில்லை.

நெல்லை சங்கரன் | காலை 11:40

விலை ஏறியதால் ஒரு பொருள் மோசடி இல்லை என்று ஆகிவிடாது. ஈமு கோழியை மறந்துவிட்டீர்களா? கொங்கு மண்டலத்தில் எத்தனை குடும்பம்! அதிலும் முதலில் போட்டவனுக்கு மாதாமாதம் பணம் வந்தது. அவன் மற்றவர்களை அழைத்து வந்தான். அவனும் அன்று தன்னை மேதை என்றுதான் நினைத்தான்.

நானும் மறக்கவில்லை. 2021 நவம்பரில், 69,000 டாலர் பக்கம் இருந்தபோது, இப்போது வாங்காதவன் பிறகு அழுவான் என்று எழுதியது யார்? சரியாக ஒரு வருடம் கழித்து எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தபோது விலை 16,000. அந்த ஒரு வருடம் முகிலன் இந்தக் குழுவில் எத்தனை பதிவு போட்டார் என்று எண்ணிப் பாருங்கள்.

முகிலன் | காலை 11:52

என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், சார். அதனால் எழுதவில்லை. நீங்கள் ஒரு தடவை விசாரித்தீர்களா?

ஈமு கோழியையும் பிட்காயினையும் ஒன்றாக வைப்பவரிடம் என்ன பேசுவது? ஈமு நிறுவனத்துக்கு ஒரு முதலாளி இருந்தார், ஓடினார். பிட்காயினுக்கு ஓடிப்போக முதலாளியே கிடையாது. அதுதான் அதன் அழகு.

அப்புறம், எனக்கு 46 வயது. தம்பி, தம்பி என்று கூப்பிட்டு வாயை அடைக்க வேண்டாம்.

நெல்லை சங்கரன் | மதியம் 12:05

அம்மா உடல்நிலை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கட்டாயம் விசாரித்திருப்பேன். இப்போது நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

தம்பி என்று கூப்பிட்டது மரியாதையில்தான். வேண்டாம் என்றால் முகிலன் அவர்களே என்கிறேன். முகிலன் அவர்களே, அந்த ஒரு வரி எங்கே?

பிரபாவதி | மதியம் 12:30

டைமன், டைமன் என்று இவ்வளவு பேசுகிறீர்கள், பெரிய முதலீட்டாளர் வாரன் பஃபெட்டை யாரும் சொல்லவில்லையே. 2018இல் எலி விஷத்தின் வர்க்கம், அதாவது எலி விஷத்தை எலி விஷத்தால் பெருக்கியது போல என்றார். 2022இல் உலகத்தில் உள்ள எல்லா பிட்காயினையும் 25 டாலருக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன், வாங்கி அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டார். நிலம் விளைச்சல் தரும், அடுக்குமாடி வாடகை தரும், இது என்ன தரும் என்பது அவர் கேள்வி. எனக்கு அது போதும். நான் நகையும் தபால் நிலைய சேமிப்பும் வைத்திருக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

முகிலன் | மதியம் 12:38

நகை என்ன விளைச்சல் தருகிறது, அக்கா? பெட்டியில் இருக்கும் வளையல் மாதம் எவ்வளவு வாடகை கொடுக்கிறது?

பிரபாவதி | மதியம் 12:44

என் மகள் கழுத்தில் போட்டால் அழகாக இருக்கிறது. அவசரத்துக்கு அரை மணி நேரத்தில் அடகுக் கடையில் பணம் கிடைக்கிறது. உங்கள் பிட்காயினை எந்த அடகுக் கடையில் வைப்பீர்கள்?

ஜெர்சி ரமேஷ் | மாலை 4:50

இங்கே இப்போதுதான் விடிந்தது. பிரபாவதி அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில், இங்கே அதற்கும் கடன் கொடுக்கிறார்கள். சிறிய நிறுவனங்கள் நிறைய. சில திவாலாகவும் ஆயின, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிளாக்ராக் போலவே பெரிய முதலீட்டு நிறுவனமான வேன்கார்டை யாரும் பேசவில்லை. 2024 ஜனவரியில் பிட்காயின் இடிஎஃப்கள் வந்த அன்றே, எங்கள் தளத்தில் இதை வாங்க முடியாது, இது நீண்டகால முதலீட்டுக்கு ஏற்றதில்லை என்று கதவைச் சாத்தியவர்கள். கோபத்தில் கணக்கை மூடியவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் புதுத் தலைவராக சலீம் ராம்ஜி வந்தார். எங்கிருந்து வந்தார்? பிளாக்ராக்கின் இடிஎஃப் தொழிலை நடத்தியவர்! வந்ததும் எங்கள் நிலைப்பாடு மாறாது என்றார். 2025 டிசம்பரில் கதவு திறந்தது. மற்றவர்கள் நடத்தும் கிரிப்டோ இடிஎஃப்களை வாங்கலாம், தாங்களாக ஒன்றும் தொடங்கப் போவதில்லை என்றார்கள். பிடிவாதத்துக்குப் பெயர்போன வேன்கார்டே திறந்துவிட்டது, சங்கரன் ஐயா.

நெல்லை சங்கரன் | மாலை 5:20

வேன்கார்டு திறந்தது கதவை. வாயை அல்ல. இது நல்ல முதலீடு என்று வேன்கார்டு சொன்னதா? கேட்கிறவனுக்குக் கொடுக்கிறோம் என்றது, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன், வங்கிக்காரன் கணக்கு. பிளாக்ராக்கின் ஐபிட் என்ற அந்த பிட்காயின் இடிஎஃபுக்கு ஆண்டுக் கட்டணம் 0.25 சதவீதம். ஃபண்டில் 5,000 கோடி டாலர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டரைக் கோடி டாலர் கட்டணம். விலை ஏறினாலும் கட்டணம், இறங்கினாலும் கட்டணம். வைத்திருப்பவன் காசு, நஷ்டம் வந்தால் அவனுடையது. காயினைப் பாதுகாப்பில் வைப்பதைக் காயின்பேஸ் பார்த்துக்கொள்கிறது. இதற்குப் பிறகு ஃபிங்க்குக்கு ஞானம் பிறந்ததில் என்ன ஆச்சரியம்? எங்கள் கிளைக்கு எதிரே ஒருவர் பெட்டிக்கடை வைத்திருந்தார். வெற்றிலை பாக்கு போடுகிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஆனால் அவர் கடையில் வெற்றிலை பாக்கு இருக்கும்.

ஜெர்சி ரமேஷ் | மாலை 5:33

ஐயா, ஒரு திருத்தம். தொடக்கத்தில் முதல் 500 கோடி டாலருக்கு, முதல் 12 மாதத்துக்கு 0.12 சதவீதம்தான் வாங்கினார்கள். 0.25 அதற்குப் பிறகு.

நெல்லை சங்கரன் | மாலை 5:36

நான் ஆண்டுக் கட்டணம் என்று சொன்னேன், தொடக்கச் சலுகையைச் சொல்லவில்லை. சலுகை கொடுத்துக் கூட்டம் சேர்ப்பது எந்தக் கடைக்காரனும் செய்வதுதான். 16 வருடம் உள்ளே இருப்பவருக்கு இது தெரியாதா?

ஜெர்சி ரமேஷ் | மாலை 5:41

தெரியும். ஆனால் எண்ணைச் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும். ஆவணத்தில் இருப்பதைத்தான் சொன்னேன்.

முகிலன் | மாலை 6:15

ஃபிங்க் காசுக்காகப் பேசுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2025 ஆண்டுக் கடிதத்தில், அமெரிக்கா தன் கடனைக் கட்டுப்படுத்தாவிட்டால் உலக நாடுகள் கையிருப்பாக வைக்கும் நாணயம் என்ற இடத்தை டாலர் பிட்காயின் போன்றவற்றிடம் இழக்கலாம் என்று ஏன் எழுதினார்? அந்த எச்சரிக்கைக்கு யார் கட்டணம் கொடுத்தார்கள்? அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை மலைபோல வைத்திருக்கும் நிறுவனத்தின் தலைவர் இப்படி எழுதுவது லேசான விஷயமா? இதைக் கருத்து மாற்றம் இல்லை என்று சொல்ல உங்களால் மட்டும்தான் முடியும்.

நம் ரிசர்வ் வங்கி மட்டும் இன்னும் 2017இலேயே நிற்கிறது. 2018 ஏப்ரலில் வங்கிகள் கிரிப்டோவைத் தொடக் கூடாது என்று சுற்றறிக்கை. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. ஆத்திரம் தீராமல் 2022இல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி.

நெல்லை சங்கரன் | மாலை 6:40

வரி போட்டது நாடாளுமன்றம், ரிசர்வ் வங்கி இல்லை. யார் என்ன செய்தார்கள் என்பதே தெரியாமல் ஆத்திரம் என்று எழுத வேண்டாம். 2022 பிப்ரவரியில் ஆளுநர் சக்திகாந்த தாஸ், இதற்குப் பின்னால் ஒரு ட்யூலிப் பூகூட இல்லை என்றார். துணை ஆளுநர் ரபி சங்கர் பான்சித் திட்டத்தைவிட மோசமாக இருக்கலாம் என்றார். நான் வேலை பார்த்த காலத்தில் ரிசர்வ் வங்கி ஆய்வுக்கு வந்தால் நாங்கள் நடுங்குவோம். அந்த நடுக்கத்தால்தான் 2008இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது நம் வங்கிகள் நின்றன. அதைப் பற்றி ஒரு வார்த்தை மரியாதையாகப் பேசுங்கள்.

தேன்மொழி | மாலை 6:58

வரியில் 30 சதவீதத்தைவிடப் பெரிய அடி எது தெரியுமா? ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினில் வந்த லாபத்தில் கழிக்க முடியாது. ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். என்னிடம் வரும் பையன்கள் மொத்தத்தில் நஷ்டத்தில் இருந்துகொண்டே வரி கட்டுகிறார்கள்.

பரணிதரன் | இரவு 8:10

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

2021இல் இந்தக் குழுவைப் பார்த்துத்தான் நான் முதலில் வாங்கினேன். அண்ணன் முகிலன் எழுதியதைப் படித்து. தங்கை படிப்புக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி. விலை விழுந்தபோது விற்காமல் பொறுத்திருந்தேன். மறுபடி ஏறியது. சந்தோஷப்பட்ட நேரத்தில் நான் கணக்கு வைத்திருந்த எக்ஸ்சேஞ்சில் திருட்டு நடந்து எல்லார் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். மாதக் கணக்கில் மின்னஞ்சல் அனுப்பினேன். யாரிடம் புகார் கொடுப்பது என்று வங்கியில் கேட்டால், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்றார்கள். காவல் நிலையத்தில் கிரிப்டோ என்றால் என்ன என்பதை நானே விளக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் டைமன் வருந்தினாரா, திரும்பப் பெற்றாரா என்று நீங்கள் இருவரும் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சண்டை போடுகிறீர்கள். எனக்கு அதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது.

நெல்லை சங்கரன் | இரவு 8:22

பரணி, மிகவும் வருத்தமாக இருக்கிறது. இதைத்தான் நான் 2017இலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். வங்கியில் போட்டிருந்தால் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து அந்த வரம்பு. கிரிப்டோவில் ஒரு ரூபாய்க்கும் காப்பீடு கிடையாது. உன் பணம் போனதற்கு யார் எழுதிய பதிவு காரணம் என்று நீயே சொல்லிவிட்டாய்.

முகிலன் | இரவு 8:31

பரணி, உன் பணத்தை எடுத்தது திருடன், பிட்காயின் இல்லை. எக்ஸ்சேஞ்சில் வைக்காதே, ரகசியச் சாவி உன்னிடமே இருக்கும் சொந்த வாலட்டில், அதாவது மின்னணுப் பணப்பையில், எடுத்து வை என்று அதே 2021இல் மூன்று தடவை எழுதினேன். உன் சாவி உன்னிடம் இல்லை என்றால் காசும் உன்னுடையது இல்லை என்று எழுதினேன்.

காப்பீடு பற்றிப் பேசும் சங்கரன் சாருக்கு ஒரு நினைவூட்டல். 2019இல் ஒரு கூட்டுறவு வங்கியில் வட்டி அரை சதவீதம் அதிகம், தைரியமாகப் போடுங்கள் என்று இதே குழுவில் எழுதினீர்கள். அந்த வங்கியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பணம் எடுக்க முடியாமல் என் சித்தப்பா எத்தனை நாள் வாசலில் நின்றார் என்று உங்களுக்குத் தெரியுமா?

நெல்லை சங்கரன் | இரவு 8:45

அவருக்குப் பணம் கடைசியில் வந்ததா இல்லையா? வந்தது. நான் விசாரித்துத்தான் சொல்கிறேன். தாமதமாக வருவதும் வராமலே போவதும் ஒன்றில்லை.

முகிலன் | இரவு 8:49

வந்தபோது அவர் கண் ஆபரேஷன் ஒரு வருடம் தள்ளிப்போயிருந்தது.

பரணிதரன் | இரவு 8:55

இரண்டு பேரும் என்னை உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள். நான் அதற்காக எழுதவில்லை.

பிரபாவதி | இரவு 9:02

பரணி, தங்கை படிப்பு என்ன ஆயிற்று? தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பார்.

ஜெர்சி ரமேஷ் | இரவு 9:15

முகிலன், அந்த 2018 பேட்டியை இப்போது மறுபடி தேடிப் பார்த்தேன். வருத்தம் என்ற சொல் இருக்கிறது. திரும்பப் பெறுகிறேன் என்ற சொல் இல்லை. ஆனால் அடுத்த வருடமே அவர் வங்கி சொந்த காயினை அறிவித்தது. அதை நான் திரும்பப் பெற்றதாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

நெல்லை சங்கரன் | இரவு 9:24

ரமேஷ் ஒப்புக்கொண்டுவிட்டார், சொல் இல்லை என்று!

அந்த ஜே.பி.எம். காயின் என்ன பொருள் என்று அவரே விளக்கட்டும். ஒரு காயினுக்கு ஒரு டாலர், வங்கியின் பெரிய நிறுவன வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் பணம் மாற்றிக்கொள்ள. வங்கியின் பேரேட்டை வேகமாக்கியிருக்கிறார்கள். பிட்காயினுக்கும் அதற்கும் என்ன உறவு? பிளாக்செயின் உண்மை, பிட்காயின் மோசடி என்பதுதானே டைமன் ஆரம்பத்திலிருந்து சொல்வது? ஒரு மனிதன் ஒரே நிலையில் நிற்கிறான், மற்றவர்கள் அவனைச் சுற்றி ஓடிக்கொண்டு அவன் நகர்ந்துவிட்டான் என்கிறார்கள்.

ஜெர்சி ரமேஷ் | இரவு 9:30

நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம். உள்ளே இருந்து பார்த்தவனுக்குத் தெரியும், 2017இல் லிஃப்டில் பிட்காயின் என்று பேசவே பயந்தோம். இப்போது அதற்குத் தனித் துறையே இருக்கிறது.

தேன்மொழி | இரவு 9:34

என் காலைக் கேள்வி அப்படியே இருக்கிறது.

முகிலன் | இரவு 9:50

சங்கரன் சார், நேராகக் கேட்கிறேன். நாளையே டைமன் தன் சொந்தப் பணத்தில் பிட்காயின் வாங்கினாலும் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

நெல்லை சங்கரன் | இரவு 9:58

வாங்கட்டும், அப்போது பார்க்கலாம். நான் கேட்டது 2018 ஜனவரி. காலை 6:40க்குக் கேட்டேன், இப்போது இரவு 10 ஆகப் போகிறது. ஒரு வரி வரவில்லை.

முகிலன் | இரவு 10:06

காலையில் 7:55க்கே பதில் கொடுத்துவிட்டேன். வருந்துகிறேன் என்றால் திரும்பப் பெறுவதுதான். பத்து தடவை கேட்டாலும் அதேதான். நாளை காலை ஷிஃப்ட், படுக்கப் போகிறேன். அந்த 2017 பதிவுகளைத் தேடி எடுத்து, அன்று சிரித்தவர்கள் பெயரோடு நாளை இங்கேயே போடுகிறேன்.

நெல்லை சங்கரன் | இரவு 10:11

போடுங்கள். என் பெயரை முதலில் போடுங்கள், எழுதியதில் ஒரு எழுத்தையும் நான் மாற்றப் போவதில்லை. கூடவே டைமன் பேட்டியிலிருந்து அந்த ஒரு வரியையும் போடுங்கள். நான் காலை நாலரைக்கு எழுந்துவிடுவேன்.